பூட்டி வைத்த ஐந்தாம் பாகம்

அந்த நாவல் எங்கள் வாசிகசாலைக்கு அச்சுப் புத்தகமாக வரவில்லை. இந்தியாவிலிருந்து கிழமைக்கொரு முறை வந்த சஞ்சிகையில் தொடராக வந்ததை, வாசகர்கள் வெட்டியெடுத்து, சீமெந்துப் பைக் கடதாசியில் அட்டை போட்டு, வலை நூலால் ஐந்து பாகமாகத் தைத்து வைத்திருந்தார்கள். பிறகு அந்தச் சஞ்சிகை நாட்டுக்குள் வருவது நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து திருகோணமலையில் வேறு பிரதி கிடையாது.

வாசிகசாலைக்குப் பெண்கள் வருவதில்லை. வீட்டு ஆண்கள் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் யார் வாசிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்ச் படகில் கயிறு கட்டும் வேலை எனக்கு. முதலாம் பாகத்தில் பாதியை முடிக்கவே ஒரு மாரிகாலம் முழுக்கப் போனது. என் பெயரில் வாசித்தது அக்கா. புருஷனை இழந்து என்னோடு வந்து இருந்த ஒன்பதாவது வருடம் அது.

கதையை அக்கா குசினியில் சமைத்தபடியே எனக்குச் சொல்வார். சிறகு முளைத்த யானைகள் உள்ள மலைநாடு. அதன் அரசன் சாபத்தால் கல்லாகிவிடுகிறான். அரசி பன்னிரண்டு வருடம் அந்தக் கல்லுக்கு விளக்கு வைக்கிறாள். நாலாம் பாகத்தில் ஒருநாள் விளக்கைத் தானே அணைத்துவிட்டு, ஆற்றங்கரைக்கு ஓடக்காரனிடம் போகிறாள். அதற்குப் பிறகு வரும் பக்கங்களை அக்கா சொல்லமாட்டார். எழுந்து மீன் கழுவப் போய்விடுவார்.

அந்த நாவலைப் பற்றி இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. லோஞ்ச் ஓட்டிய மூதூர் நானாவுக்கு அது யுத்தக் கதை. யானைகள் பறந்து ஒன்றோடொன்று அடிபடுவதை அவர் சொன்னால், இறங்க வேண்டியவர்களும் நின்று கேட்பார்கள். துறைமுகத்துக் கிளாக்கர் ஒருவருக்கு ஆற்றங்கரை மட்டும்தான் கதை. வாசிகசாலைச் செயலாளராக இருந்த மாஸ்டருக்கோ அது ஊரைக் கெடுக்க வந்த சாமான்.

ஒரு ஞாயிறு காலை மாஸ்டர் நாலாம் பாகத்தை மேசையில் விரித்து வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். அரசி விளக்கை அணைக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘பன்னிரண்டு வருஷம் கூடிப்போச்சு.’

அது அக்காவின் எழுத்து. ஓரத்தில் இப்படி எழுதுவது எங்கள் வாசகர்களின் பழக்கம்தான். ‘மெய்’, ‘சுத்தப் பொய்’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து அக்காவும் எழுதிவிட்டார்.

“இது பொம்பிளைக் கை. ஆரின்ர வீட்டுப் பொம்பிளை?” என்றார் மாஸ்டர்.

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

“இவ்வளவு சின்ன எழுத்தையும் கண்டிருக்கிறியள் மாஸ்டர். ஒரு பக்கமும் விடேல்லைப் போல,” என்றார் கிளாக்கர்.

“நான் பிழை பிடிக்க வாசிச்சனான். அஞ்சு பாகமும் எழுத்துக்கு எழுத்து.”

“பிழை நல்லாத்தான் இருந்திருக்கும்.”

சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. “கடைசியாக் கொண்டுபோனது நீர்தானே?” என்று என்னைப் பார்த்தார்.

“ஓம். நான்தான் எழுதினனான்.”

“நீரோ?” என்றார் கிளாக்கர். “கலியாணமே கட்டாத மனிசனுக்கு என்னத்தில பன்னிரண்டு வருஷம் கூடிப்போச்சு?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அக்கா தப்பிவிட்டார் என்று நினைத்தேன். மாஸ்டர் ஐந்தாம் பாகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “உங்கட வீட்டுக்கு இனிப் பக்திப் புத்தகம் தரலாம்,” என்றார். உமக்கு என்று சொல்லவில்லை.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

“கல்லு திரும்ப மனிசனாகி எழும்பினதோ? எழும்பி அவளை என்ன செய்தது? அதை மட்டும் ஆரிட்டையாவது கேட்டுக்கொண்டு வா,” என்றார். “அவளைச் சாக்காட்டிப்போட்டாங்கள் எண்டா நான் எழுதினது பிழை.”

நானாவிடம் கேட்டேன். “எழும்பிச்சு தம்பி! எழும்பி அவன் புடிச்ச சண்டை இருக்கே…”

“அரசி, நானா?”

“அவட பக்கமெல்லாம் நான் பொரட்டிட்டுப் போயிட்டன். ஊட்டுல பொம்புளப் புள்ளயள் இரிக்கிற எடம்.”

கிளாக்கர் ஐந்தாம் பாகத்தைத் தொடவேயில்லை. அதில் ஆற்றங்கரை வராதாம்.

மிச்சம் மாஸ்டர்தான். தை மாதம் மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் போக அவர் இறங்குதுறைக்கு வந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கயிற்றைக் கட்டிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“என்ன?” என்றார்.

“ஒண்டுமில்லை மாஸ்டர். கடைசி லோஞ்ச் எத்தினை மணிக்கு?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அதை நீரெல்லோ எனக்குச் சொல்லவேணும்.”

மத்தியானம் வீட்டுக்கு வந்து, மாஸ்டருக்கும் முடிவு மறந்துபோச்சாம் என்றேன்.

“பிழை பிடிக்க வாசிச்ச ஆளுக்கு மறக்காது. நீ கேக்கேல்லை,” என்றார் அக்கா.

“ஓம்.”

அவர் கோபித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபிக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?” என்று கேட்டார். போட்டதைச் சாப்பிட்டேன்.