பின் சீட் இல்லாத கார்

என் காரின் பின் சீட்டைக் கழற்றி எடுத்தது நான்தான். கார்ப்பெட், கதவின் உள்பக்க அட்டை, ஸ்பீக்கர், ஏசி எல்லாவற்றையும் எடுத்தேன். சத்தம் கேட்காமலிருக்கத் தரைத் தகட்டில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த தார்ப் பட்டையை உளியும் சுத்தியலுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெயர்த்தேன். பெயர்த்ததை நெல் நிறுக்கும் தராசில் போட்டுப் பார்த்தால் பதினோரு கிலோ. அந்தப் பதினோரு கிலோவுக்காக அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன்.

பார்க்கச் சின்னக் குடும்பக் கார், உள்ளே மட்டும் வலுவான என்ஜின் என்று ஒரு வகை உண்டு. ஹாட் ஹேட்ச் என்பார்கள். அதில் ஒன்றைப் பழையதாக வாங்கி, ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக மூன்று வருடம் வேலை பார்த்தேன். எடை குறையக் குறைய வளைவில் கார் சொன்னபடி கேட்கும், பிரேக்கும் சீக்கிரம் சூடேறாது. அடியில் ஓடும் பிரேக் பைப்பில் கல் தெறிக்கக் கூடாது என்று அதைக்கூட உள்ளே தரையோரமாகக் கொண்டுவந்து கிளிப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் காரில் என் அண்ணன் ஆறு மூட்டை பொட்டாஷ் உரம் ஏற்றினான். இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குத் திருச்சியில் வேலை. நான் குடியிருக்கும் சந்தில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை. அதனால் கார், கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊரில், அப்பா போட்ட கொட்டகையில் நின்றது. சனி, ஞாயிறு பஸ் பிடித்துப் போய் வேலை பார்ப்பேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "வாங்குன காரைப் பிச்சி எறியிறியே, புத்தி கித்தி பெரண்டு போச்சா" என்பார்கள். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. பெரிய பண்ணை ஒன்றிடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்துக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்த நிலம். சும்மா கொடுத்துவிடவில்லை. வயலில் இறங்கி மறியல் செய்து அடிவாங்கி வாங்கியது. அந்த மறியலில் அம்மாவும் இருந்தாள். அண்ணனை வயிற்றில் வைத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனாள். பட்டா வந்தபோது அப்பா பெயரில் வந்தது. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆன பிறகும் அப்படியே கிடந்தது. விவசாயம் பார்ப்பது அண்ணன். ஆளுங்கட்சியில் கிளைச் செயலாளரும் அவன்தான். பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தது யார் என்று மைக் பிடித்துக் கேட்பான், பதிலையும் அவனே சொல்வான், கீழே பெண்கள் கை தட்டுவார்கள்.

அந்த அண்ணன்தான் என்னிடம் விடுதலைப் பத்திரம் கேட்டான். என் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் பட்டா அவன் பெயருக்கு மாறும், சொசைட்டியில் கடன் கிடைக்கும். அம்மா போனில், "அண்ணங்கூட மல்லுக்கட்டாத பாப்பா. நாளைக்குப் பொறந்த வீட்டு வாசப்படின்னு ஒண்ணு வேணும்ல" என்றாள். நிலத்துக்காக ஜெயிலுக்குப் போனவள் சொல்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் சரி என்றேன். திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கன் போட்டான். அதற்கு முந்தைய ஞாயிறு சென்னைப் பக்கத்து டிராக்கில் எனக்கு முதல் ஓட்டம். கார் வேலை முடிந்து மூன்று மாதமாக ஊர்ப் பக்கம் வராமலிருந்த நான், காரை எடுத்துப் போகச் சனிக்கிழமை காலையில் வந்தேன்.

கொட்டகைக்குள் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போயிற்று.

பின்னால் திரும்பிப் பார்த்தால், நான் சுரண்டி வெள்ளைப் பெயின்ட் அடித்த தகடு முழுக்கச் செக்கச்செவேல் என்று பொட்டாஷ். மூட்டை ஒன்று கிழிந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்து நீர்த்து, தகடு துருவேறிப் போயிருந்தது. பிரேக் பைப் மேல் மூட்டையைத் தூக்கிப் போட்டதில் கிளிப் உடைந்து, பைப் நசுங்கி, நசுங்கிய இடத்தில் உப்பு அரித்து ஓட்டை. ஒழுகிய பிரேக் ஆயிலில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது.

அண்ணன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என் கார்ல உரம் ஏத்துனியா?"

"ஆமா. டிராக்டர் டயர் போயிடுச்சு, மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. பின்னாடி சும்மாத்தான கெடக்கு. ஆறு மூட்டையும் அம்சமா ஒக்காந்துச்சு."

"பிரேக் பைப் அரிச்சிப்போச்சுண்ணா."

"வெல்டிங் பட்டறையில குடுத்தா ஒட்டிக் குடுத்துட்டுப் போறான்."

பிரேக் பைப்பை ஒட்டுவதாம். நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்கு முன்னால் நான் நம்பி மிதிக்கிற பைப்பை. கத்தினேன். தெருவே வந்து நிற்கிற அளவுக்குக் கத்தினேன். அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னான்.

"அவ்ளோ அக்கறைன்னா ஒன் வீட்ல நிப்பாட்டிக்க. நிக்கிறது என் கொட்டாய்ல."

அதுவரைக்கும் நான் காருக்காகத்தான் கத்திக்கொண்டிருந்தேன். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதற்குள் கொட்டகை அவனுடையது ஆகிவிட்டது. எப்போதுமே அப்படித்தான் நினைத்திருந்திருக்கிறான். நானும் அவனிடம் கேட்டுக் கேட்டுத்தானே அங்கே காரை நிறுத்தினேன். என் மேலேயே எனக்கு அசிங்கமாக வந்தது.

டிராக்குக்குப் போகவில்லை. தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போய்ப் புதுப் பைப் வாங்கி வந்தேன். ஞாயிறு முழுக்கத் தகட்டைக் கழுவித் துரு தேய்த்தேன். அண்ணன் சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்துப் பத்திர நகலைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவன் முன்னாடியே பைக்கில் போய்விட்டான். எங்களுக்கு ஆட்டோ அனுப்பியிருந்தான். நான் பைப்பை மாட்டி முடித்திருந்தேன். கையெழுத்துப் போடப் போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பைப் மாற்றியதில் பிரேக்குக்குள் புகுந்த காற்றை எடுக்காமல் எழுந்திருக்க மனமில்லை, அவ்வளவுதான். நாலு சக்கரத்திலும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அஞ்சு நிமிஷம் உள்ள ஒக்காரும்மா. மிதின்னா மிதி. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத, எடுத்தா காத்து உள்ள போயிடும்."

குழியான ரேஸ் சீட்டில் புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள். மிதித்தாள். நான் நிப்பிளைத் திறந்தேன். அதில் மாட்டியிருந்த குழாயில் ஆயிலோடு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினேன், விடச் சொன்னேன். மறுபடி மிதித்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒனக்கு என்னைவிட அவன்தாம்மா பெருசு."

அம்மா பெடலிலிருந்து காலை எடுக்காமல், "நேத்து பத்திரத்தப் படிச்சான்" என்றாள். "அதுல எம் பேரும் இருந்துச்சு. நான் எதுக்குடா கையெழுத்துப் போடணும்னு கேட்டேன். ஒனக்கும் ஒரு பங்கு இருக்கேன்னான்."

ஸ்பேனரால் நிப்பிளை மூடினேன். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அம்மாவின் மடியில் கிடந்த போனும் அடித்தது, அண்ணன்தான்.

"ஒங்கப்பா போயி ஒம்போது வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு பங்கு இருக்குங்கறத, அத எழுதிக் குடுன்னு கேக்குறப்பதான் சொல்றான்."

போன் அடித்து ஓய்ந்து திரும்பவும் அடித்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

"ஆட்டோவப் போகச் சொல்லு. இன்னும் எத்தன சக்கரம் இருக்கு?"

"மூணும்மா" என்றேன்.