மாமா பார்த்த அனாட்டமி ஹால்

குற்றால சீசனும் மருத்துவ அட்மிஷனும் எங்கள் பக்கம் ஒன்றாகத்தான் வரும். தென்காசிக்கு அருகே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அட்மிஷன் பிரிவு கண்காணிப்பாளராக இருந்தேன். அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையும் தோளில் துண்டுமாகக் குடும்பம் குடும்பமாகக் கல்லூரி பார்க்க வருவார்கள். சீசன் முடியும்வரை வரவேற்பறை சோபாக்கள் காயாது. அன்று எரிச்சல்பட்டேன். ஓய்வு பெற்ற இப்போது, சாரல் விழுந்தாலே மனம் அந்தக் கூட்டத்தைத் தேடுகிறது.

வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு வரிசை உண்டு. ஏசி லெக்சர் ஹால், ஆடிட்டோரியம், ஜிம், ஹாஸ்டல் மெஸ். முதல் வருடம் முழுக்க மாணவர்கள் நின்று சடலத்தை அறுத்துப் படிக்கப்போகிற அனாட்டமி ஹால் அதில் கிடையாது. பெற்றோர் பயந்துவிடுவார்களாம். ஃபீஸ் விவரத்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இதற்கா பயப்படுவார்கள் என்று நான் கேட்டதில்லை, நினைத்ததோடு சரி.

அச்சன்புதூரிலிருந்து பாத்திமா தன் மாமாவோடு வந்தாள். வாப்பா துபாயிலிருந்து வீடியோ காலில் கூடவே வந்தார். ஆடிட்டோரியத்துக்குள் நுழைந்ததும் மாமா போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"பாரும் மச்சான், நம்ம ஊர் கல்யாண மண்டபம் பிச்சை வாங்கணும்!"

கவுன்சலிங்கில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சேர்கிறாளா இல்லையா என்று மறுநாளுக்குள் சொல்ல வேண்டும். மாமா மெஸ் மேனேஜரிடம் பிரியாணி பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்.

"சார், ரத்தம் பாத்தா எனக்குத் தல சுத்தும். வீட்ல யார்ட்டயும் சொல்லல. கிளாஸ்ல மயங்கி விழுந்தா டிசி குடுத்து அனுப்பிருவாவளா?"

அந்தக் கல்லூரியில் எனக்குத் தெரியாத விதி கிடையாது. மயக்கத்துக்கு விதி இல்லை.

"அட்டெண்டன்ஸ் கொறஞ்சாத்தாம்மா ஆபத்து. மயங்கிக் கெடந்தாலும் பிரசென்ட்தான்."

அவள் சிரிக்கவில்லை. "அந்த ஹாலை ஒருதரம் பாக்கணும் சார். தாங்க முடியலன்னா வேண்டாம்னு வாப்பாட்ட சொல்லிருதேன்."

அனாட்டமி துறைத்தலைவர் மேடத்திடம் அனுமதி வாங்கினேன்; அவரும் கூட வந்தார். உள்ளே போன் கூடாது என்றேன். மாமா அதைச் சட்டைப் பைக்குள் போட்டார். வீடியோ காலைக் கட் பண்ண மறந்துவிட்டார்.

"ஏட்டி, பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்கோ" என்று சொல்லி முன்னால் நடந்தார்.

மேசையில் கிடந்த சடலத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. அதை யாரும் தொடக்கூட இல்லை. அதைப் பதப்படுத்திய ஃபார்மலின் நெடி ஏறியதும் மாமா நின்றார், வேர்த்தார், அப்படியே சரிந்தார்.

"மச்சான், என்ன சத்தம்? ஏ மச்சான்!" என்று சட்டைப் பை அலறியது.

நான் நாற்காலி தேடி ஓடினேன். பாத்திமா தரையில் உட்கார்ந்து மாமாவின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எட்டிப் போனை எடுத்தாள்.

"வாப்பா, மாமா மயங்கிட்டாங்க. மூச்சு நல்லா இருக்கு. பொறவு கூப்பிடுதேன்."

துறைத்தலைவர் குனிந்து மாமாவின் நாடியைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தையும் பார்த்தார். அது வெளுத்திருந்தது.

"உனக்குத் தல சுத்தலையாம்மா?"

"சுத்துது மேடம். மாமா எந்திச்ச பொறவு உக்காந்துக்கிடுதேன்."

"நான் ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டு தரம் விழுந்தவ. நீ பரவால்ல" என்றார் அவர்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து கல்லூரியில் சேர்ந்தாள். மாமா வாசலோடு நின்றுகொண்டார்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆடிட்டோரியத்தை வெப்சைட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் அனாட்டமி ஹாலைக் காட்டச் சொல்லுங்கள். தலை சுற்றினால் சுற்றட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கூட வருகிற மாமாவுக்கு மட்டும் வெளியே ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போடுங்கள்.