விஜிதா பேரில் வந்த மெயில்

எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் ஞானபூரணத்தின் கண்ணில் முதலில் பிழைதான் படும். கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, அச்சுக்குப் போகுமுன் இரண்டு தடவை படித்துவிடுவாள். சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் டிடிபி கடை போட்டு அவள் நிலைத்து நின்றதே அதனால்தான். அப்பேர்ப்பட்டவள் ஒரு மெயிலைச் சரியாகப் படிக்காமல் திறந்துவிட்டாள்.

மெயில் விஜிதா பேரில் வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் டைப்ரைட்டிங் கிளாஸில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பழகியவர்கள். விஜிதா இப்போது புளியங்குடியில் ஒரு எலுமிச்சை மண்டியில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மண்டிக்கு வேண்டிய பில் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றுக்கும் அச்சடிக்க வேண்டிய மேட்டரை மெயிலில் அனுப்புவாள்.

அன்றைக்குக் கடையில் கோயில் ஆடித்தபசுத் திருவிழா நோட்டீஸ் வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இணைப்பில் உள்ள பில்லைப் பார்க்கவும் என்று மெயிலில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே, போன மாதம் இருவரும் பில் புத்தகம் பற்றி எழுதிக்கொண்ட பழைய மெயில் அப்படியே ஒட்டியிருந்தது. அதனால் சந்தேகம் வரவில்லை. ஃபைலைத் திறக்கும்போது அனுமதி கேட்டது, கொடுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. மாற்றி அனுப்பிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு நோட்டீஸுக்குத் திரும்பினாள்.

சாயந்தரத்துக்குள் போன் வர ஆரம்பித்தது. வாசுதேவநல்லூர் உரக்கடைக்காரர் கூப்பிட்டு, நீ அனுப்பிய பில் திறக்க மாட்டேங்குதே என்றார். அடுத்து ஒரு ஜவுளிக்கடை. இவள் யாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை. திரும்பவும் விஜிதாவின் மெயிலைத் திறந்து பார்த்தாள். அந்த ஒரு வரிக்கு மேலே 'டியர் ஞானபூரணம்' என்று இருந்தது. விஜிதா ஒருநாளும் அவளை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பூரணிதான்.

போனைப் போட்டுக் கத்திவிட்டாள். "கம்ப்யூட்டரைக் கவனமா வச்சிருக்கத் தெரியலைன்னா எதுக்கு ஆபீஸ் வேலைக்கு வரணும்? எம் பொழப்பையும் சேர்த்துல்லா கெடுத்துட்ட."

"நான் ஒண்ணுமே அனுப்பலையே பூரணி. என்னன்னே தெரியாம ஏசுத," என்றாள் விஜிதா. ஞானபூரணம் போனை வைத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் ஆஷிக் அலி வந்ததும் முதல் வேலையாக நெட் வயரைப் பிடுங்கினான். வைரஸ் உள்ளே இறங்கி, மெயிலில் இருக்கிற எல்லாருக்கும் அவள் பேரிலேயே போய்க்கொண்டிருக்கிறது, மெஷினில் இருப்பதை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும் என்றான். தனி டிஸ்கில் எடுத்து வைத்த ஃபைல்கள் பிழைக்கும்; அதற்கப்புறம் செய்தவை போனது போனதுதான். நோட்டீஸும் அதில் போயிற்று.

"பாஸ்வேர்ட மாத்துங்கக்கா. ஆனா அது பெறவு. மொதல்ல எல்லாருக்கும் போன் பண்ணித் திறக்காதீங்கன்னு சொல்லுங்க," என்றான்.

மெயில் போன ஆட்களின் பேரைச் செல்போனில் தேடித் தேடிக் கூப்பிட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலருக்கு அவள் சொல்வதே விளங்கவில்லை. கடைசியில் சிவகிரி மில் மேனேஜர் லைனில் வந்தார். ஏற்கெனவே திறந்துவிட்டாராம்.

"ஒரு கம்ப்யூட்டரைக் கவனமா வச்சிருக்கத் தெரியாதாம்மா ஒனக்கு? நீயெல்லாம் எதுக்குக் கடை நடத்துத?"

நான் அனுப்பவில்லை சார் என்று சொல்ல வாய் எடுத்தாள். அந்த வார்த்தை இன்னொருத்தி சொல்லிக் காதில் விழுந்தது போலிருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆஷிக் அலியை அனுப்பி வைப்பதாகச் சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. ஆஷிக் அலியைச் சிவகிரிக்கு அனுப்பிவிட்டு புளியங்குடி பஸ் ஏறினாள். மண்டியில் விஜிதா அணைத்துப் போட்ட கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வெளியூர் வியாபாரிகளுக்கெல்லாம் அவள் பேரில் மெயில் போயிருக்கிறது. முதலாளி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி ஆட்கள் முன்னாலேயே வைதிருக்கிறார். அவளுக்கும் அது ஒரு வியாபாரி பேரில் வந்ததுதான். அவளும் நம்பித் திறந்தவள்தான்.

"நேத்து அப்படி ஏசியிருக்கக் கூடாதுட்டி," என்றாள் ஞானபூரணம்.

விஜிதா அவளைப் பார்க்காமல், "அண்ணாச்சி பேசுனது கூட வலிக்கல," என்றாள்.

ஞானபூரணம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாருக்கெல்லாம் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டாள். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. அந்தப் பக்கம் விஜிதா, இந்தப் பக்கம் இவளுமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நடுவில் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். இருவருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார்.

விஜிதா பேரில் கள்ள மெயில் வருவது அதோடு நிற்கவில்லை. ஆட்களின் மெயில் விலாசம் ஒருமுறை வெளியே போனால் யார் பேரையும் போட்டு எவனும் அனுப்பலாம் என்று ஆஷிக் அலி சொல்லியிருந்தான். வந்தால் ஞானபூரணம் திறக்காமல் அழித்துவிடுவாள். நிஜமாகவே மேட்டர் இருந்தால் விஜிதா முதலில் போன் செய்வாள், பிறகுதான் அனுப்புவாள். மேட்டரைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் போனை வைக்க அரை மணி நேரம் ஆகிவிடுகிறது.