ஒன்பதாவது செவ்வாய் பெய்த மழை

முருகனை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். லேக் கார்டன்ஸில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன சித்திரையில் ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "இனிமே என்னைத் தூக்கிட்டுத்தான்டி போகணும்." எனக்கும் தைரியம் போய்விட்டது.

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எதற்கும் பட்டியல் போடுவேன். வலியும் வீக்கமும் குறைய டாக்டர் எழுதிய மாத்திரை, சாப்பிட்ட பின், காலை ஒன்று, இரவு ஒன்று. மூட்டுக்குக் குளுக்கோசமின். மஞ்சள்தூள் கேப்ஸ்யூல். வைட்டமின் டி. பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மா தவறாமல் டிக் போட்டாள்.

கூடவே ஒரு வேண்டுதல். பதினொரு செவ்வாய் விரதம் இருந்து, லேக் மார்க்கெட் பக்கத்துக் கோயிலில் வாராவாரம் முருகனை இருபத்தேழு முறை சுற்றுவதாக நேர்ந்துகொண்டாள். தடங்கல் வராமல் பார்த்துக்கொள் என்று நான் தினமும் முருகனிடம் கேட்டேன். எட்டு வாரம் எந்தத் தடங்கலும் வரவில்லை.

ஒன்பதாவது செவ்வாய், விடியும்முன் பிடித்த மழை விடவில்லை. தெருவில் முட்டளவு தண்ணீர். ஆட்டோ இல்லை. வழக்கமாக ஏழு மணிக்கே ஆபீஸ் கிளம்பிவிடும் நானும் வீட்டில் மாட்டிக்கொண்டேன். முருகன்மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் இல்லையா?

அப்போதுதான் பார்த்தேன். மழை விட்டதும் கிளம்பலாம் என்று, அம்மா வெறும் வயிற்றில் இரண்டு வலி மாத்திரையை விழுங்கினாள்.

"ரெண்டா?"

"ஒண்ணு போட்டா பதினஞ்சு சுத்துக்குத்தான்டி தாங்குது."

"சாப்பிட்ட பின்னுன்னு எழுதியிருக்கேனேம்மா!"

"நேத்து ராத்திரி சாப்பிட்டேனே."

முகம் வெளுத்திருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். "ரெண்டு நாளா வெளிக்குக் கறுப்பாத்தான் போகுது. இரும்புச் சத்து மாத்திரையாலன்னு நினைச்சேன்."

என் பட்டியலில் இரும்புச் சத்தே இல்லை. விரத நாளுக்கு ஒரு கட்டமும் இல்லை. அது என் பிழை.

நாங்கள் தாதா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அண்ணன் தண்ணீரில் இறங்கிப் போய் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், அந்த வலி மாத்திரையால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போயிருந்தால் காப்பாற்றுவது கடினம் என்றார் டாக்டர். பதினொன்றாவது செவ்வாய்க்கு இருந்ததும் அந்த இரண்டு வாரம்தான். எதை வரவிடாதே என்று கெஞ்சினேனோ, அதையே அனுப்பி முருகன் என் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறான்.

வலி மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். இப்போது தடவும் மருந்தும் தொடைக்கான பயிற்சியும்தான். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறாள். விட்ட மூன்று செவ்வாயையும் கார்த்திகையில் முடித்தோம். இட்லி சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கு ஒரே ஒரு சுற்று.

நீங்களும் முருகனிடம் கேளுங்கள். மருந்துப் பட்டியலை விரத நாளோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். கேட்டதற்கு நேர்மாறாக ஒன்று வந்து வாசலை மறித்தால், என்னைப்போல் அவனைத் திட்டிவிடாதீர்கள். வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.