துவைக்கிற கல் சாமியான வாரம்

வரலாறு படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் அழுகையோ கூச்சலோ இல்லை. அப்பா பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவருக்குச் சிரிப்புதான் வந்தது. "செத்துப்போன ராசாவப் பத்திப் படிச்சா யாரு சம்பளம் குடுப்பா?" என்றார். ஆனாலும் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்த்துவிட்டார். இரண்டாம் ஆண்டு வந்ததும் பேச்சு கறாரானது. ஆய்வேடு உருப்படியாக வந்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் பி.எட். நாகல் நகரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு டீச்சர் இருந்தார். இன்னொரு டீச்சராக எனக்குக் கொஞ்சமும் ஆசையில்லை.

எங்கள் பேராசிரியை பிடிவாதக்காரர். நூலகத்துப் புத்தகங்களிலிருந்து வெட்டி ஒட்டிய ஆய்வேட்டைக் கையால்கூடத் தொடமாட்டார். யாரும் படிக்காத சான்று ஒன்றை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். நானும் கோயில் கோயிலாக அலைந்தேன். போன இடமெல்லாம் எனக்கு முன்பே யாரோ படித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் கன்னிவாடிப் பக்கம் என் வகுப்புத் தோழியின் தோட்டத்துக்குப் போனேன். பம்புசெட் தொட்டியை இடித்துக் கட்டுவதற்காகத் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். அதன் அடிப்பக்கத்தில் வாளோடு ஓர் ஆள், அவன் தலைக்கு மேல் நாலு வரி பழைய எழுத்து! எனக்குத் தலைகால் புரியவில்லை. தோழியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, இது நடுகல், சண்டையில் செத்த வீரனுக்கு வைத்தது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "ஆத்தாடி, இம்புட்டு நாளும் அவரு மேலயா துணியடிச்சேன்!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் இருந்த குஷியில் அது என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு, "ஒன் ஆராய்ச்சிய நானே வந்து பாக்குறேன்" என்று அப்பா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் சொல்லியிருந்ததால் பேராசிரியை எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கல்லை நிமிர்த்தி நட்டிருந்தார்கள். வேட்டி கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, தலையிலிருந்து நல்லெண்ணெய் வழிய அது நின்றது. பேராசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்வெட்டைப் படியெடுக்க ஈரக் காகிதம் கல்லோடு ஒட்ட வேண்டும். பிரஷால் அடித்து அதை எழுத்துப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். எண்ணெயில் காகிதம் எங்கே ஒட்டும்? வழுக்கிக்கொண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

"சோப்புப் போட்டுக் கழுவிருவோமாம்மா?" என்று தோழியின் அம்மாவிடம் கேட்டேன்.

"சாமிக்குச் சோப்பா?"

"போன வாரம் வரைக்கும் சோப்புப் போட்டதுதானம்மா?"

"போன வாரம் அது கல்லு, தாயி."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு பி.எட். கல்லூரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அவஸ்தையில்தான் வாயிலிருந்து வந்தது: "எண்ணெ தேச்சுவிட்டுத் தலைக்கு ஊத்தாம விடுவாகளாம்மா? சாமிக்குச் சளி புடிக்காதா?"

தோழியின் அம்மா யோசித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் ஆமாமாம் என்றார்கள். செத்த நேரத்தில் சட்டி நிறையச் சீயக்காய் கரைந்து வந்தது. "கண்டுபுடிச்சவ நீதான், நீயே தேச்சுவிடு" என்றார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, நான்தான் சாமிக்குத் தலை தேய்த்தேன். உயிரோடு இருந்தபோதுகூட அந்த வீரன் அப்படிக் குளித்திருக்க மாட்டான்.

இந்த முறை காகிதம் ஒட்டிக்கொண்டது. காற்றில் ஓரம் படபடத்தபோது, கூப்பிடாமலே அப்பா வந்து பிடித்துக்கொண்டார். மை ஒற்ற ஒற்ற, கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று பேராசிரியை முதல் மூன்று வரிகளைப் படித்தார். தேய்ந்துபோயிருந்த கடைசி வரி மட்டும் பிடிபடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், அப்பா நகரவில்லை. குனிந்து, "இது 'ந' மாதிரி இல்ல?" என்று என்னைக் கேட்டார். அப்பா என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலிலேயே அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன முடிவு பண்ணுனீக? பி.எட்.டுக்குச் சொல்லிவிடவா?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அவ மேல படிக்கட்டும். அந்தக் கடைசி வரி என்னன்னு எனக்குத் தெரியணும்."