ஹாலுக்குக் கட்டினோம், சுடுகாட்டுக்குக் கட்டவில்லை

தினமும் காலையில் ரேணிகுண்டா தொழிற்சாலைக்குப் பைக்கில் கிளம்பும்போது, எங்கள் லேஅவுட் வாசலில் ஒரு கறுப்புக் கல்லில் என் பெயர் தெரிகிறது. தெலுங்கில் இருக்கிறது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான்காவது வரி நான்தான் என்று வாட்ச்மேன் விரல் வைத்துக் காட்டியதால் தெரியும். சோளிங்கர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்குச் சொந்த வீடு, அது போதாதென்று கல்லில் பெயர் வேறு! அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்த நடையை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே வீடு கட்டுகிறவன், பிளான் பாஸாவதற்கு முன்பே பொது வசதிக்கென்று ஒரு தொகை கட்டியாக வேண்டும். கடைக்கால் தோண்டும் முன்பே பூங்காவுக்கும் மண்டபத்துக்கும் கட்டிவிடுகிறோம். நம் ஊரில் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்கி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும், சுடுகாட்டைப் பராமரிப்பதும் போலத்தான். இங்கே ரசீது கொடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரசீதைப் பார்த்ததும் எனக்குத் திமிர் ஏறிவிட்டது. ஊர் வரி கேட்டு போன் செய்த நாட்டாமையிடம், “நான் இங்க கட்டிக்கினு கீறேன். அங்க வேற இன்னாத்துக்கு? என் பேர எடுத்துடு” என்றேன். எடுத்துவிட்டார்கள்.

சேர்ந்த பணத்தில் என்ன செய்யலாம் என்று கேட்க ஒருநாள் பஞ்சாயத்துச் செயலர் வந்தார். இரண்டு பாஷையும் பேசுவேன் என்பதால் என்னைக் கமிட்டியில் போட்டிருந்தார்கள். லேஅவுட்டுக்குப் பின்னால் ஒரு பழைய காலனி இருக்கிறது. கூலி வேலை செய்து, பிற்பாடு துண்டு துண்டாக நிலம் வாங்கிய தமிழ்க் குடும்பங்கள். எங்கள் வீடுகளுக்கெல்லாம் கடைக்கால் தோண்டிய முனிரத்தினம் அங்கிருந்து வந்து ஓரமாக நின்றிருந்தார். “சார், எங்க சுடுகாட்டுக்கு ஒரு ஷெட்டு, ஒரு கொழா போட்டுக் குட்த்தீங்கன்னா, நாங்களும் நீங்களும் சேந்து வச்சிக்கலாம். சாவு அல்லாருக்கும் வரும் இல்ல?”

அடுத்த வாரம் என் வீட்டுக் கிரகப்பிரவேசம். “நல்ல காரியம் வச்சிக்கினு கீற நேரத்துல சுடுகாட்டுப் பேச்சா? போய் வாய கழுவுய்யா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாயால் சொன்னது அபசகுனம். மனத்தில் இருந்தது வேறு. அவர்கள் எரிகிற இடத்தில் நாங்கள் எரிவதா? அதுதான் எங்கள் எல்லோருக்கும் உறுத்தியது.

செயலர் மட்டும் சிரிக்கவில்லை. “ஸ்மசானம் வத்தா? பாகா ஆலோசிஞ்சண்டி” என்று இரண்டு தடவை கேட்டார். சுடுகாடு வேண்டாமா, நன்றாக யோசியுங்கள் என்று சொல்லியிருக்கிறார், பாவம். நான் அவர் எதற்கோ அடி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, “வத்து சார், ஹாலு சாலு” என்றேன். வேண்டாம், ஹால் போதும் என்று முடித்துவிட்டேன். ஹால் வந்தது, கமிட்டிக்காரர்கள் பெயரோடு வாசலில் கல்லும் வந்தது.

இந்தச் சித்திரையில் ஒரு காலை, எங்களோடு இருந்த என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், குளியலறையில் விழுந்தார். தூக்கி உட்கார வைப்பதற்குள் போய்விட்டார். அன்று ஹாலில் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் துக்கம் கேட்க வந்தவர், உடம்பை லேஅவுட் வாசல் வழியாக எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். அவர்கள் சுடுகாட்டில் இடம் கேட்டு நான் காலனிக்கு ஓடினேன்.

முனிரத்தினம் எழுந்து நின்றுதான் பேசினார். “நைனா நல்ல மனுசன் சார். எங்கூட ஒக்காந்து டீ குடிப்பாரு. நான் சரின்னாலும் எங்க ஜனம் ஒத்துக்காது. அன்னிக்கு அல்லாரும் சிரிச்சீங்க இல்ல? அந்த ஹாலுலயே வச்சி எரிச்சிக்கோங்க.” குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வேறு வழியில்லாமல் ஊருக்கு எடுத்துப் போனோம். காலில் விழவும் தயாராகத்தான் போனேன். நாட்டாமை நோட்டைப் புரட்டினார். “உங்க நைனா தலைக்கட்டு இருக்குதுப்பா. வருசா வருசம் ஆடிக்கு வந்து கட்டிட்டுப் போவாரே. எடுங்கடா.” கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்!

“என் பேரு?” என்றேன்.

“ஒனக்கும் சேத்து கட்றேன்னு கெஞ்சினாரு. அவனே வேணான்னு எடுத்தான், நீ இன்னாத்துக்குக் கட்றேன்னு திருப்பிக் குட்த்துட்டோம்.”

கொள்ளி வைக்க மட்டும் விட்டார்கள். ஊரார் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், வெளியூர்க்காரனுக்குப் போடுவதுபோல. உட்காரவும் முடியவில்லை, தள்ளிவிட்டுத் தரையில் உட்காரவும் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது என் மனைவி பஸ்ஸில் கேட்டாள்: “நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா எங்க எடுத்துக்கினு போவாங்க?”

லேஅவுட் வாசலில் மேளம் கேட்டது. வாட்ச்மேன் ஓடி வந்தார். “முகூர்த்தம் நடக்குது. சாவுக்குப் போயிட்டு வரீங்க, பின்பக்கமா போயிடுங்க சார்.” பின்பக்கம் என்றால் காலனிச் சுடுகாட்டு வழிதான். மொட்டைத் தலையோடு அந்தப் பக்கம் திரும்பினேன். கறுப்புக் கல்லின் மேல், என் பெயரை மறைத்துக்கொண்டு, மாவிலைத் தோரணம் தொங்கியது.