பிளாஸ்திரி ஒட்டிய பென்டிரைவ்

நேற்று மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காயர் அலுவலகத்தில் என் பென்டிரைவை சர்வரில் செருகியபோது, பக்கத்தில் நின்ற அலுவலக நிர்வாகி குனிந்து பார்த்துவிட்டு, "என்னாங்க இது, இதுக்கு அடி பட்டிருச்சா?" என்று கேட்டார். அந்தக் கறுப்புப் பென்டிரைவின் முதுகில் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. ஊசி எடுத்தபின் கையில் ஒட்டுவார்களே, அதுதான். அதன்மேல் நீலப் பேனாவில் "4 மணி நேரம்" என்று எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது அல்ல. நான் எழுதியிருந்தால் இன்னும் சிறிதாக, கோட்டின்மேல் நேராக எழுதியிருப்பேன். இது அவசரமாக, நோயாளியின் படுக்கை ஓரத்தில் நின்றுகொண்டு எழுதிப் பழகிய கை. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் தலைமைத் தாதி எழுதியது. எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் அழைப்போம்.

என் வேலை சர்வர் பழுது பார்ப்பது. சர்வர் அடிக்கடி நின்றுபோனால் முதலில் எதைச் சந்தேகிப்பது என்று தெரியாது. உள்ளே இருக்கும் மென்பொருளா, தகவல்களைச் சேமிக்கும் வட்டா, நினைவகமா, மின்சாரப் பெட்டியா? சந்தேகத்துக்குரிய வட்டிலிருந்தே கணினியைக் கிளப்பி அதனிடமே கேள்வி கேட்டால் பதிலை நம்ப முடியாது. அதனால் அதன் வட்டைத் தொடாமல், பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்புவோம். அதற்குள் ஒரு சிறிய இயங்குதளமும், ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகச் சோதிக்கும் கருவிகளும் இருக்கும். சோதனை முடிந்தால் திரையில் பச்சை நிறத்தில் தேர்ச்சி என்று வரும். பழுது இருந்தால் சிவப்பு வரி.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குப் பட்டியல்கள் பிடிக்கும். வீட்டில் பாசாருக்குப் போகவே கடை வரிசைப்படி பட்டியல் எழுதுவேன் என்று அம்மா கேலி செய்வார். சோதனைக்கும் பதினான்கு வரிகளில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக டிக் அடித்து முடிக்கும்போது மனம் அமைதியாகும். அந்த அமைதிதான் என்னை ஏமாற்றியது என்று பிறகு புரிந்தது. என் பட்டியலில் என்ன செய்தேன் என்பதற்கு இடம் இருந்தது. எவ்வளவு நேரம், எந்த நிலையில் செய்தேன் என்பதற்கு இடமே இல்லை.

டயாலிசிஸ் மையம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. பன்னிரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம். சர்வருக்குத் தனி அறை கிடையாது. ஊசி, குழாய், பஞ்சுப் பெட்டிகள் அடுக்கிய ஒரு சிறிய ஸ்டோரின் மூலையில் அது இருந்தது. மருந்துப் பொருள்கள் இருப்பதால் ஸ்டோர்க் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். நோயாளிகளின் எடை, இரத்த அழுத்தம், யாருக்கு எத்தனை லிட்டர் நீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த சர்வரில்தான். அது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை காரணமில்லாமல் நின்றது. நின்றால் தாதிகள் காகிதத்தில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றும்போது ஒருநாள் ஒருவரின் எடையில் 71 என்பது 77 ஆகிவிட்டது. அதை நம்பியிருந்தால் அவர் உடம்பிலிருந்து எடுக்கவேண்டிய நீரின் அளவே மாறியிருக்கும். ஊசி போடும் முன் சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த சர்வரைப் பார்க்க நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் சோதனை தேர்ச்சி என்றது. இரண்டு முறையும் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். நான்காம் நாளே சர்வர் மறுபடி நின்றது. மூன்றாம் முறை கிளம்பும்போது மேனேஜர் சுருக்கமாகச் சொன்னார். அந்த மையம் ஒப்பந்தத்தை நிறுத்தப்போவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. என் தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. இந்தமுறையும் குறை காணவில்லை என்றால் வேலையை உறுதி செய்வது கஷ்டம். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

அன்று முதல் ரயிலில் போய், காலை ஆறரைக்கு முதல் ஷிப்ட் தொடங்கும்போதே ஸ்டோரில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே காற்றில்லை என்பதால் வழக்கம்போலக் கதவை அகலத் திறந்துவைத்தேன். கூடத்து ஏர்கோன் காற்று முதுகில் ஜில்லென்று பட்டது. இருபத்தைந்து நிமிடத்தில் நினைவகச் சோதனை ஒரு சுற்று முடிந்தது. பச்சை. பதினான்கு டிக். அறிக்கையை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன்.

அவர் காகிதத்தை வாங்கவேயில்லை. ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "என்னா எழுதியிருக்கே?" என்றார்.

"குறை ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"எவ்ளோ நேரம் பாத்தே?"

"ஒரு ரவுண்டு முழுசா ஓடிச்சு. இருபத்தஞ்சு நிமிஷம்."

அவர் கைப்பட்டையைக் கழற்றினார். "இங்க உக்காந்திருக்கிற பன்னெண்டு பேரையும் பாரு. உக்காந்து இருபத்தஞ்சு நிமிஷத்துல கேட்டா எல்லாரும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாங்க. பிரஷர் எறங்குறது, காலு இழுக்குறது எல்லாம் மூணாவது மணி நேரத்துலதான். நாலு மணி நேரம் முடியாம நான் யாரையும் வீட்டுக்கு அனுப்புறது இல்ல. எங்கப்பா ரயில்வேல கொடி புடிச்சவரு மா. லைன பாக்காம பச்சைக் கொடி காட்ட மாட்டாரு. நானும் சைன் பண்ண மாட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. சர்வரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. "அந்தக் கதவ ஏன் தொறந்து வச்சிருக்கே? நாங்க என்னிக்கு அதத் தொறந்து வச்சிருக்கோம்?"

மூன்று முறை அந்த ஸ்டோரில் உட்கார்ந்தவள் நான். மூன்று முறையும் எனக்கு வியர்த்ததால் கதவைத் திறந்தேன். எனக்கு வியர்த்தால் அதற்கும் சுடும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. சர்வர் ஒவ்வொரு நாளும் மூடிய அறையில் வேலை செய்தது. நான் அதைக் குளிர்ந்த காற்றில் வைத்துச் சோதித்துவிட்டு நலம் என்று சான்று எழுதினேன்.

முழு நேரம் சோதிப்பதென்றால் அவ்வளவு நேரமும் சர்வர் அவர்களுக்குக் கிடைக்காது. அதைச் சொன்னேன். சிஸ்டர் கூடத்தைப் பார்த்து, "இன்னிக்கு பூரா பேப்பர்தான்" என்றார். தாதிகள் முனகினார்கள். ஒருவர் எண்ணை வாசிக்க, ஒருவர் எழுத, எழுதியவர் அதைத் திரும்ப வாசிக்க வேண்டும். அது அவர் வைத்த முறை. எழுபத்தியொன்று, எழுபத்தியொன்று என்று பள்ளிக்கூடம்போல எதிரொலித்துக்கொண்டே இருந்தது. நான் சோதனையை நிற்காமல் சுற்றிவரும்படி வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். மணி ஏழு பத்து.

உட்கார இடம் தேடியபோது, பந்திங்கிலிருந்து மகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வரும் ஓர் அங்கிள் தன் பக்கத்து முக்காலியைக் காட்டினார். முன்பு லோரி ஓட்டியவராம். "வாம்மா, ஒன் ஆளுக்கும் நாலு மணி நேரமா? இனிமே வாரத்துக்கு மூணு தடவ வரணும். தண்ணியும் அளந்துதான் குடிக்கணும், சொல்லிரு" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். கால் மணிக்கு ஒருமுறை நான் ஸ்டோருக்குள் தலையை நீட்டி, திரையைப் பார்த்து, நேரத்தோடு குறித்துக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் என் வேலை ஒருபடி கீழே இறங்குவதுபோல் இருந்தது. வாழ்க்கையில் ஒரு பழுது இருக்கவேண்டும் என்று நான் அப்படி வேண்டிக்கொண்டது அன்றுதான்.

பத்து மணிக்கு உள்ளே போனபோது ஸ்டோர் அடுப்படி போலச் சுட்டது. திரையில் மூன்று சிவப்பு வரிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது வந்தது. நான்கு நினைவகத் துண்டுகளில் இரண்டாம் இடத்தில் இருந்தது சூடேறியதும் தவறாகப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. நான் கூவவில்லை. வெளியே வந்து சிஸ்டரிடம், "மூணாவது மணி நேரம்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அங்கிளின் கால்களை அமுக்கிப் பார்த்தார். அங்கிள், "எனக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், அதுக்குத்தான் காலு இழுத்துக்கிச்சு" என்றார்.

இடம் பழுதா, துண்டு பழுதா என்று தெரியவேண்டும். அந்தத் துண்டைக் கழற்றி நான்காம் இடத்தில் மாட்டினேன். இரண்டாம் ஷிப்டோடு மறுபடி தொடங்கினேன், கதவு மூடியபடியே. பழுது துண்டோடு சேர்ந்து நான்காம் இடத்துக்குப் போனது. இனி சந்தேகமில்லை. அதை எடுத்துவிட்டு மற்றவற்றோடு சர்வரைக் கிளப்பிக் கொடுத்தேன். மாற்றுத் துண்டு மறுநாளே வந்தது. கதவின் கீழ்ப்பாதியில் காற்றுப்போக ஜன்னல் வைக்கச் சொல்லி அறிக்கையில் எழுதினேன்.

அன்று மாலை மேனேஜர் மையத்துக்கே போன் செய்தார். ஒரு நினைவகத் துண்டைக் கண்டுபிடிக்க மூன்று முறை ஏன் வரவேண்டியிருந்தது என்பது அவர் கேள்வி. போன் சிஸ்டர் கையில் இருந்தது. நான் எதிரே நின்றேன். முதல் இரண்டு முறையும் நோயாளிகள் காத்திருந்தார்கள், சீக்கிரம் முடிக்கும்படி அந்தப் பெண்ணை அவசரப்படுத்தியது நான்தான், இன்று முழு நேரம் கொடுத்தேன், இன்று கண்டுபிடித்துவிட்டாள் என்று அவர் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். ஒப்பந்தம் பற்றிய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். கதவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

போனை வைத்ததும், "சிஸ்டர், எனக்காகப் பொய் சொல்ல வேணாம்" என்றேன்.

"பொய் இல்ல லா. அந்த ரெண்டு நாளும் நான் மணியப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். முடிஞ்சிச்சா முடிஞ்சிச்சான்னு கேட்டேன்." பிறகு கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ஆனா நான் கேட்டா, இன்னும் ஆகலன்னு நீ ஏன் சொல்லல? டாக்டரே கேட்டாலும் நான் சொல்லுவேன்."

அவர் மேசையிலிருந்த பிளாஸ்திரிச் சுருளில் ஒரு துண்டு கிழித்து, என் கையிலிருந்த பென்டிரைவை வாங்கி ஒட்டி, எழுதிக் கொடுத்தார். "மறந்துட்டா பாத்துக்க." பிறகுதான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். மாத முடிவில் என் வேலை உறுதியானது.

பின்னர் நான் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். பென்டிரைவின் உள்ளிருக்கும் கருவிகளைப் பலமுறை புதுப்பித்துவிட்டேன். பிளாஸ்திரியின் ஓரம் எழும்பியபோது மேலே கண்ணாடி டேப் ஒட்டிக்கொண்டேன். வேலை உறுதியான அன்று சிஸ்டருக்கு நீளமாக ஒரு நன்றிச் செய்தி அனுப்பினேன். பதிலாகக் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. சற்று நேரத்தில், 'கதவுல ஜன்னல் வச்சாச்சு' என்று இன்னொரு வரி. நான் எழுதியதைவிட அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருந்தது. என்னைக் காப்பாற்றியவர் என்று அவரை நினைப்பதுண்டு. ஆனால் அவர் செய்தது அதைவிடச் சிரமமானது. என் தவற்றில் தன் பங்கு எவ்வளவோ அவ்வளவை மட்டும் சரியாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என்னிடமே விட்டுவிட்டார்.

நேற்று அந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் ஆனதும் நிர்வாகி மறுபடி வந்தார். திரையில் எல்லாம் பச்சை. "ஓகேதானே மிஸ்? எங்க சைன் பண்ணணும்? நாலரைக்கு பாஸ் வந்துருவாரு" என்றார். பேனா அவர் கையில் தயாராக இருந்தது. என் பட்டியலில் இப்போது பதினாறு வரிகள். கடைசி இரண்டு, எவ்வளவு நேரம், கதவு மூடியிருந்ததா. இரண்டும் காலியாக இருந்தன.

"இன்னும் ஆகலங்க" என்றேன். நான் நினைத்ததைவிட அமைதியாகவே அது வந்தது. எழுந்து போய் சர்வர் அறையின் கதவைச் சாத்திவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு வெளியே உட்கார்ந்தேன்.